ஏர்போர்ட் வரிசையில் அடக்கக் கூடாத நான்கு!

"பையன் டிக்கெட் அனுப்பிச்சுட்டான் டாக்டர். அடுத்த மாசம் அமெரிக்கா கிளம்பறோம். பி.பி., சுகர் எல்லாம் ஒரு தரம் பார்த்துடுங்க!"

இப்படிச் சொல்லிக்கொண்டு என் வைத்தியசாலைக்கு வருகிற அப்பா, அம்மாக்கள் இப்போது நிறையப் பேர். நாடி பிடித்துப் பார்க்கும்போதே முகத்தில் பேத்தியைப் பார்க்கப் போகிற சந்தோஷம் தெரியும். ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்து கதை சொல்லும்போதும் அந்தச் சந்தோஷம் இருக்கும். ஆனால், ஒரு இடம் வந்தால் மட்டும் முகம் சுருங்கிவிடும். "எல்லாம் நல்லாத்தான் இருந்தது. அந்த ஏர்போர்ட் செக்கிங்தான்... அப்பப்பா! பெல்ட்டைக் கழட்டு, செருப்பைக் கழட்டு, கையைத் தூக்குன்னு... ஏதோ திருடனை நிறுத்தி வெச்ச மாதிரி!"

'பாதுகாப்புச் சோதனைக்கும் வைத்தியருக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்கிறீர்களா? இருக்கிறது. அந்தச் சோதனையால் யாருக்கும் நோய் வருவதில்லை. அதற்குப் பயந்துகொண்டு நம்மவர்கள் செய்கிற காரியங்களால்தான் வருகிறது.

என்னிடம் பல வருடமாக வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். வயது 71. பதினைந்து வருடச் சர்க்கரை. சென்னையில் ஏறி, வளைகுடாவில் விமானம் மாறி, அமெரிக்கா போனார். விமானம் மாறும் இடத்தில் கையில் இருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கிக் குப்பையில் போட்டுவிட்டார்கள். அத்தோடு விட்டதா? 'இனிமேல் தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும்; பக்கத்து ஸீட்காரரை எழுப்பணும்; எதுக்கு வம்பு?' என்று பதினாலு மணி நேரப் பயணத்தில் இரண்டு கப் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டார். மாத்திரையோ பெரிய சூட்கேஸுக்குள்! 'கைப்பையில மாத்திரை இருந்தா ஆயிரம் கேள்வி கேட்பாங்க' என்று யாரோ சொன்னார்களாம். அமெரிக்காவில் இறங்கி, பாஸ்போர்ட் முத்திரைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வரிசையில் நின்றவர், அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். உடம்பில் நீர் வற்றி, சர்க்கரை ஏறி, இரண்டு நாள் ஆஸ்பத்திரி. பேத்தி தாத்தாவை முதன்முதலில் பார்த்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான். அந்த ஊர் ஆஸ்பத்திரி பில்லைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

பாட்டில் தண்ணீரை எடுத்துக்கொண்டவர்கள் அதிகாரிகள். உடம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டவர் அவரேதான். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

பதினாலு வேகங்கள்

சித்த மருத்துவத்தில் 'அடக்கக் கூடாத வேகங்கள்' என்று பதினான்கு சொல்லியிருக்கிறது. சிறுநீர், மலம், பசி, தாகம், தூக்கம், தும்மல், இருமல், கொட்டாவி, கண்ணீர் என்று போகும் அந்தப் பட்டியல். உடம்பு தானாகக் கேட்கிற விஷயங்கள் இவை. கேட்கும்போது கொடுத்துவிட வேண்டும். அடக்கினால் வாதம் கெட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நோய் வரும் என்பது எங்கள் பாடம்.

நீண்ட விமானப் பயணத்தில், அதிலும் செக்யூரிட்டி வரிசையில், இந்தப் பதினாலில் நாலை நம்மவர்கள் அடக்குகிறார்கள். தாகம், சிறுநீர், பசி, தூக்கம். நாலையும் அடக்காமல் போய்ச் சேர வழி இருக்கிறது. அதற்கு முதலில் அங்கே என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாத விஷயத்துக்குத்தானே பயம் அதிகம்?

எத்தனை தடவை சோதனை?

சென்னையிலிருந்து ஒரு இடத்தில் விமானம் மாறி அமெரிக்கா போகிறவரை எடுத்துக்கொள்வோம். விமான நிலைய வாசலிலேயே டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் பார்ப்பார்கள். அடுத்து விமான கம்பெனி கவுன்ட்டரில் பெரிய பெட்டி போகும். பிறகு இமிக்ரேஷன். அதன் பின் ஆளையும் கைப்பையையும் பார்க்கிற செக்யூரிட்டி செக். விமானம் மாறும் ஊரில் இறங்கினால் மறுபடி ஒரு செக்யூரிட்டி. அமெரிக்க விமானம் என்றால், ஏறும் வாசலில் சிலரை மட்டும் தனியே அழைத்து இன்னொரு தரம் பார்ப்பதும் உண்டு.

அமெரிக்காவில் இறங்கினதும் முடிந்ததா? இல்லை! அங்கே முதலில் இறங்கும் ஊரில்தான் இமிக்ரேஷன். உங்கள் மகன் இருக்கும் ஊருக்கு இன்னொரு விமானம் பிடிக்க வேண்டுமென்றால், பெரும்பாலும் பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, திரும்பக் கொடுத்துவிட்டு, மூன்றாவது தரமும் செக்யூரிட்டிக்குப் போக வேண்டும். விமானத்துக்குள் அவர்களே கொடுத்த தண்ணீர் பாட்டில்கூட அங்கே கையில் இருந்தால் போய்விடும்.

'ஒரு தரம் பார்த்தாச்சே, மறுபடி எதுக்கு?' என்று கோபம் வரும். ஒவ்வொரு நாடும், தன் மண்ணிலிருந்து கிளம்பும் விமானத்துக்குத் தானே பொறுப்பு என்று நினைக்கிறது. அடுத்த நாட்டின் சோதனையை அது ஏற்றுக்கொள்ள வேண்டுமானால் இரண்டு நாடுகளுக்கும் ஒப்பந்தம் வேண்டும். அது இல்லாத இடத்தில் மறுபடி வரிசைதான். அது உங்கள் மேல் சந்தேகத்தால் வந்த வரிசை இல்லை.

ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு துக்கம்

விதிகளைப் பார்த்தால் கிறுக்குத்தனமாகத்தான் தோன்றும். ஆனால், ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நாளில் பிறந்தது.

அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் விமானக் கடத்தல்கள் பெருகிப் போகவே, 1973 ஜனவரியில் அமெரிக்காவில் எல்லாப் பயணிகளையும் சோதிப்பது கட்டாயமானது. நம் மீனம்பாக்கத்திலேயே 1984 ஆகஸ்ட் 2 அன்று, பெட்டியில் வைத்திருந்த குண்டு வெடித்துச் சுமார் முப்பது பேர் இறந்துபோனார்கள். அந்தத் தலைமுறைச் சென்னைவாசிகளுக்கு அது மறந்திருக்காது. 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் 'கனிஷ்கா' விமானம் அயர்லாந்துக் கரைக்கு அப்பால், அட்லாண்டிக் கடலுக்கு மேலே வெடித்துச் சிதறியது. 329 உயிர்கள். குண்டு இருந்த பெட்டி ஏறியிருந்தது; பெட்டிக்குச் சொந்தக்காரன் ஏறவில்லை. ஆள் வராவிட்டால் பெட்டியை இறக்கிவிட்டுத்தான் கிளம்புவேன் என்று விமானம் இன்று காத்து நிற்பதற்கு அதுதான் காரணம்.

1999 டிசம்பரில் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானத்தைக் காந்தஹாருக்குக் கடத்திப் போனார்கள். அதற்குப் பிறகுதான், 2000-ல் தொடங்கி, நம் விமான நிலையங்களின் பாதுகாப்பு ஒவ்வொன்றாக மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் கைக்கு வந்தது.

செருப்பு? 2001 டிசம்பரில் பாரீஸிலிருந்து மயாமி போன விமானத்தில் ஒருவன் ஷூவுக்குள் வெடிமருந்து வைத்துக்கொண்டு பற்றவைக்கப் பார்த்தான். சக பயணிகள் அமுக்கிப் பிடித்தார்கள். அதன் பின் அமெரிக்காவில் வருடக்கணக்காக எல்லாரும் ஷூவைக் கழற்றினார்கள். 2025 ஜூலையில்தான் அந்தக் கட்டாயத்தை எடுத்தார்கள். இப்போதும் அலாரம் அடித்தால் கழற்றச் சொல்வார்கள். மற்ற நாடுகளில் அவரவர் வழக்கம்.

தண்ணீர்? 2006 ஆகஸ்டில் லண்டனில் பிடிபட்ட சதி அது. குளிர்பான பாட்டில்களில் திரவ வெடிமருந்தை நிரப்பி, அட்லாண்டிக் கடலைத் தாண்டும் பல விமானங்களைத் தகர்க்கத் திட்டமிட்டிருந்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் 100 மில்லி கணக்கு. கையைத் தூக்கி நிற்கிறோமே, அந்த உடல் ஸ்கேனர் பரவலானது, 2009 கிறிஸ்துமஸ் அன்று ஒருவன் உள்ளாடைக்குள் வெடிமருந்தோடு டெட்ராய்ட் விமானத்தில் பிடிபட்ட பிறகு.

இதையெல்லாம் பயமுறுத்தச் சொல்லவில்லை. 'என்னை ஏன் இப்படிப் பண்றாங்க?' என்ற கேள்விக்கு, 'உங்களைப் பண்ணவில்லை' என்பதுதான் பதில். அது மனதில் பதிந்தால் ரத்த அழுத்தம் பாதி இறங்கிவிடும்.

அல்வாவும் வெடிமருந்தும் ஒரே நிறம்!

"என் பையை மட்டும் ஏன் சார் பிரிச்சாங்க?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, "உள்ளே என்ன இருந்தது?" பதில் பெரும்பாலும் தின்பண்டமாகத்தான் இருக்கும்.

பைகளைப் பார்க்கும் எக்ஸ்ரே இயந்திரம் பொருள்களை நிறம் பிரித்துக் காட்டும். உலோகம் நீலம். உணவு, துணி, பிளாஸ்டிக் போன்றவை ஆரஞ்சு. வெடிமருந்துகளில் பெரும்பாலானவையும் அதே ஆரஞ்சு வகைதான். திருநெல்வேலி அல்வா ஒரு கிலோ, புளிக்காய்ச்சல் ஒரு டப்பா, லேகியம் ஒரு டப்பா... திரையில் கெட்டியான ஆரஞ்சுக் கட்டி! பக்கத்திலேயே சுருட்டி வைத்த சார்ஜர் ஒயர் வேறு. பார்க்கிறவருக்கு வயிற்றைக் கலக்காதா?

ஆகவே பையைப் பொருள்பொருளாகப் பிரித்து அடுக்குங்கள். ஒயர்கள் ஒரு பையில், மருந்து ஒரு பையில், தின்பண்டம் தனியே. கேட்டால் சட்டென்று எடுத்து டிரேயில் வைக்கலாம். கிளறும் வேலை இல்லை. நிற்கும் நேரமும் குறையும்.

1. தாகம்

நீண்டதூர விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. நம்மூரில் 60, 70 என்று வாழ்ந்து பழகிய உடம்பு இது. வாய் உலரும், கண் எரியும், சளி கெட்டியாகும். வயதானவர்களுக்குத் தாகம் என்கிற உணர்வே குறைந்துவிடும் என்பதால், 'தாகம் எடுக்கலையே' என்பதை நம்ப முடியாது.

வழி சுலபம். காலி பாட்டிலை எடுத்துப் போங்கள். காலி பாட்டிலுக்குத் தடை இல்லை. சோதனை வரிசைக்கு முன்னால் குடித்துத் தீர்த்துவிடுங்கள். தாண்டியதும் குடிநீர்க் குழாயில் நிரப்பிக்கொள்ளுங்கள். அடுத்த ஊரிலும் அதே மாதிரி. விமானத்தில் மணிக்கு ஒரு சிறு டம்ளர், மெதுவாக. கூடவே நெல்லி வற்றல் இரண்டு துண்டு வாயில் அடக்கிக்கொண்டால் நாக்கு உலராது. இறங்குவதற்கு முன் தின்று முடித்துவிடுங்கள். மீதி இருந்தால் சுங்கத்தில் சொல்லிவிடுங்கள். இதயம், சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீர் அளவு சொல்லப்பட்டிருப்பவர்கள் உங்கள் டாக்டரின் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள். மது தண்ணீர்க் கணக்கில் சேராது.

சில விமான நிலையங்களில் புது வகை சி.டி. ஸ்கேனர் வந்து, 100 மில்லி விதியைத் தளர்த்தியிருக்கிறார்கள். ஆனால், நடுவில் மாறும் ஊரில் பழைய விதி இருந்தால் பாட்டில் அங்கே போய்விடும். பழைய கணக்கையே வைத்துக்கொள்வது நல்லது. இன்னொன்று... பார்ப்பது பாட்டிலின் அளவை, உள்ளே மிச்சம் இருப்பதை அல்ல. 200 மில்லி பாட்டிலில் அடியில் ஒரு ஸ்பூன் எண்ணெய் இருந்தாலும் அது செல்லாது!

2. சிறுநீர்

'போயிட்டு வந்தா இடம் போயிடும்' என்று வரிசையில் அடக்கிக்கொண்டு நிற்பவர்கள் அதிகம். புராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்கு இப்படி அடக்கி அடக்கி நீர் முழுவதும் கட்டிக்கொண்டுவிடலாம். பெண்களுக்கு நீர்க்கடுப்பு. தண்ணீரே குடிக்காமல் இருந்துவிட்டால் இரண்டும் இன்னும் மோசம்.

ஒவ்வொரு வரிசையிலும் சேரும் முன் ஒரு தரம் கழிப்பறை போய்விடுங்கள். வருகிறதோ இல்லையோ! டிக்கெட் எடுக்கும்போதே நடைபாதை ஓர ஸீட் கேளுங்கள். அவசரம் என்றால் அதிகாரியிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். 'டாய்லெட்' என்ற ஒரு வார்த்தை எந்த நாட்டிலும் புரியும்.

எழுந்து போவதால் இன்னொரு லாபமும் உண்டு. நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் கால் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்று 2007-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆய்வு சொன்னது. ஆரோக்கியமானவர்களுக்கு 6,000 பேரில் ஒருவர் என்கிற சின்னக் கணக்குதான். ஆனால் புற்றுநோய், சமீபத்திய ஆபரேஷன், முன்பு ரத்தம் உறைந்த அனுபவம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்பக் கூடாது. மற்றவர்கள் பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருந்தால் போதும். வரிசையில் நிற்கும்போதும் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கலாம்.

3. பசி

சர்க்கரைக்காரர்கள் காலை ஊசி போட்டுக்கொண்டு வரிசையில் மாட்டிக்கொண்டால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். கைப்பையில் உணவு கட்டாயம் வேண்டும். திடப் பொருளுக்குத் தடை இல்லை. சுருக்கமாகச் சொன்னால்... இட்லி போகும், சட்னி போகாது! மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, சப்பாத்தி, பிஸ்கட், பொரி உருண்டை எல்லாம் சரி. தயிர்சாதத்தைத் தளரப் பிசைந்தால் தகராறு. நெய், ஊறுகாய், ஜாம் எல்லாம் 'திரவம்' என்ற கணக்கில் வரும். மயக்கத்துக்கு முன்னெச்சரிக்கையாக நாலு சாக்லேட் அல்லது குளுக்கோஸ் மாத்திரை சட்டைப் பையிலேயே இருக்கட்டும். பை எக்ஸ்ரேயில் மாட்டிக்கொண்டிருக்கும்போது உதவும். குழந்தைகளுக்கான பால், உணவுக்கு அளவுக் கட்டுப்பாட்டில் விலக்கு உண்டு. தனியே எடுத்துக் காட்ட வேண்டும்.

கொப்பரைத் தேங்காய், கற்பூரம் இரண்டையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். இரண்டும் தீப்பிடிக்கும் பொருள் பட்டியலில் இருக்கின்றன. கசகசா சமையலறைச் சாமான்தானே என்று நினைக்காதீர்கள். சிங்கப்பூரிலும், வளைகுடாவில் ஐக்கிய அரபு நாடுகள் போன்ற இடங்களிலும் அது தடை செய்யப்பட்ட பொருள்.

4. தூக்கம்

சென்னையிலிருந்து வெளிநாட்டு விமானங்கள் பலவும் நட்டநடு ராத்திரியில் கிளம்புகின்றன. மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்வார்கள். அன்றைக்குப் பகல் முழுக்க வீட்டில் மூட்டை கட்டல், சொந்தக்காரர்கள் வருகை, வழியனுப்ப ஒரு வேன் நிறைய ஆட்கள்! ராத்திரி ஒரு மணிக்குச் செக்யூரிட்டி வரிசையில் நிற்கும்போது கண் சொருகும். அப்போதுதான் பாஸ்போர்ட்டை டிரேயில் மறப்பதும், அதிகாரி சொன்னது புரியாமல் எரிந்து விழுவதும்.

கிளம்பும் நாளுக்கு முந்தின தினமே பெட்டியைக் கட்டி முடியுங்கள். அன்று பகலில் இரண்டு மணி நேரமாவது படுத்துவிடுங்கள். வழியனுப்பும் படலம் வீட்டிலேயே முடியட்டும். நடுவில் விமானம் மாற மூன்று மணி நேரமாவது இருக்கும்படி டிக்கெட் போடச் சொல்லுங்கள். ஒன்றே கால் மணி நேரத்தில் ஓடிப்போய் ஏறுவதெல்லாம் இளவட்டங்களுக்கு. நடக்கச் சிரமம் என்றால் டிக்கெட் எடுக்கும்போதே வீல்சேர் கேட்டுவிடுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

மாத்திரை உங்கள் மடியில்!

உயிர்காக்கும் மருந்து எதுவும் பெரிய பெட்டிக்குள் போகக் கூடாது. பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தால்? இன்சுலினுக்கு இன்னொரு ஆபத்து. சரக்குப் பகுதியின் குளிரில் உறைந்துபோனால் அதன் சக்தி போய்விடும். கைப்பையில் ஒரு வாரத்துக்காவது மருந்து இருக்கட்டும். பிரித்து டப்பாவில் கொட்டாமல், பெயர் தெரியும் பட்டையோடு. கூடவே டாக்டரின் சீட்டு ஆங்கிலத்தில், மருந்தின் பொதுப்பெயரோடு. திரவ மருந்து 100 மில்லிக்கு மேல் இருந்தாலும் பயணத்துக்குத் தேவையான அளவு அனுமதிப்பார்கள். அவர்கள் கண்டுபிடிக்கும் முன் நீங்களே சொல்லிவிடுவதுதான் முக்கியம். கோடீன் உள்ள இருமல் சிரப், டிரமடால் போன்ற வலி மாத்திரைகளுக்கு வளைகுடா நாடுகளில் கடும் கட்டுப்பாடு. முன் அனுமதி விவரம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

இனி எங்கள் மருந்துகள். சித்த மருந்து என்பதால் அதிகாரிக்குத் தனி மரியாதை கிடையாது. லேகியம், தைலம் எல்லாம் திரவக் கணக்கு. பெரிய பெட்டியில், கசியாமல் கட்டி வையுங்கள். சூரணம், சத்துமாவு, விபூதி போன்ற பொடிகள் 350 மில்லி அளவுக்கு மேல் கைப்பையில் இருந்தால், அமெரிக்கா போகும் விமானத்தில் தனிச் சோதனை உண்டு. அதில் தெளிவாகாவிட்டால் விட மாட்டார்கள். 2018-லிருந்து இந்த விதி. பொடியும் பெரிய பெட்டிக்கே போகட்டும். அரிஷ்டம், ஆசவம் இவற்றில் புளிக்கும்போது உண்டாகும் ஆல்கஹால் இருக்கிறது. மது தடை உள்ள நாடுகளுக்குக் கொண்டுபோகாதீர்கள். பழைய முறையில் கஞ்சா, அபினி சேர்க்கும் மருந்து எதையும் எந்த நாட்டுக்கும் கூடாது. அங்கே சிறை!

லிங்கம், தாளகம் சேர்ந்த செந்தூரங்களை நாங்கள் சுத்தி செய்த மருந்தாகப் பார்க்கிறோம். அந்த நாட்டுச் சோதனைச்சாலை பாதரசம், ஆர்சனிக் என்றுதான் படிக்கும். பறிமுதல் ஆகலாம். வெளிநாடு போகும் மாதங்களுக்கு மூலிகை மருந்தாக மாற்றிக் கொடுக்கச் சொல்லி உங்கள் வைத்தியரைக் கேளுங்கள். ரசமணி கட்டியிருப்பவர்களும் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். பாதரசம் அலுமினியத்தை அரித்துவிடும். விமானத்தின் உடம்போ பெரும்பாலும் அலுமினியம். அதனால்தான் விமானத்தில் பாதரசத்துக்கு அவ்வளவு கெடுபிடி.

மெஷின் உடம்பைக் கெடுக்குமா?

அடிக்கடி வரும் கேள்வி. நடந்து போகும் வாசல் போன்ற மெட்டல் டிடெக்டரில் எக்ஸ்ரே கிடையாது, காந்தப்புலம்தான். கையைத் தூக்கி நிற்கும் ஸ்கேனர் பெரும்பாலும் மில்லிமீட்டர் அலை. அது துணியைத் தாண்டித் தோலில் பட்டுத் திரும்பிவிடும், உடம்புக்குள் போகாது. கர்ப்பிணிகளும் பயப்பட வேண்டாம். பைக்குப் போகும் எக்ஸ்ரேயால் மாத்திரையோ சாப்பாடோ கெடாது.

பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் அட்டையைக் காட்டி முன்பே சொல்லுங்கள். வாசலில் நிற்காமல் நடந்துவிட வேண்டும். கையில் பிடிக்கும் கருவியைப் பேஸ்மேக்கர் மேல் வெகு நேரம் வைக்க வேண்டாம் என்று கேட்கலாம். இன்சுலின் பம்ப், தோலில் ஒட்டும் சர்க்கரை அளவி உள்ளவர்கள், தயாரித்த கம்பெனி என்ன சொல்கிறது என்று படித்துவிட்டு, கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். மூட்டு மாற்று ஆபரேஷன் செய்தவர்களுக்கு அலாரம் அடிப்பது சகஜம். சர்க்கரையால் கால் மரத்தவர்கள் வெறுங்காலோடு நடக்காமல் சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். ஷூ கழற்றக் குனிந்தால் தலை சுற்றும் என்றால் நாற்காலி கேட்டு உட்கார்ந்து கழற்றுங்கள்.

நம்ம வீட்டுப் பெண்களுக்கு ஒரு வார்த்தை. புடவையில் எட்டு ஊக்கு குத்திக்கொண்டு போனால் மெஷின் கத்தத்தான் செய்யும்! பயணத்தன்று சுடிதாரோ, ஊக்கு குறைவான புடவையோ வசதி. வளையல்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் வெள்ளி அரைஞாணையும் தாயத்தையும் மறந்துவிடாதீர்கள். தடவிப் பார்க்க வேண்டி வந்தால் பெண்களைப் பெண் அதிகாரிதான் சோதிப்பார். தனி அறை வேண்டும் என்று கேட்கும் உரிமையும் உண்டு. கேட்பதற்குத் தயங்காதீர்கள்.

கோபம் வந்தால்...

கோபத்தில் பித்தம் ஏறும் என்பது எங்கள் பாஷை. அட்ரினலின் சுரந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும் என்பது ஆங்கில மருத்துவத்தின் பாஷை. இரண்டும் ஒன்றுதான். தனியே அழைத்தால் 'என்னையா?' என்று குரல் உயர்த்தாதீர்கள். நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். பத்து முறை செய்வதற்குள் வேலை முடிந்திருக்கும். மரியாதைக் குறைவாக நடத்தினால் அங்கே வாதாட வேண்டாம். மேலதிகாரியைக் கேளுங்கள், நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொண்டு பிறகு புகார் எழுதலாம். வேடிக்கைக்குக்கூட 'பாம்' என்ற வார்த்தை வாயில் வரக் கூடாது.

ஆங்கிலம் வராதவர்கள், நோய், மருந்து, மகன் அல்லது மகளின் டெலிபோன் நம்பர் மூன்றையும் ஒரே தாளில் ஆங்கிலத்தில் எழுதிப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பேச முடியாத நேரத்தில் அந்தத் தாள் பேசும்.

டிக்கெட் அனுப்பும் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அப்பா, அம்மாவுக்கு 'என்னென்ன கொண்டு வரணும்' என்று பட்டியல் அனுப்புகிறீர்கள். அதோடு, எந்த ஊரில் எத்தனை தரம் சோதனை, எங்கே கழிப்பறை, எங்கே தண்ணீர் பிடிக்கலாம் என்று ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். பருப்புப்பொடியும் வடகமும் அடுத்த வருடம்கூட வரும். அவர்கள் நல்லபடியாக நடந்து வந்து வாசலில் நிற்பதுதானே உங்களுக்கு வேண்டியது?